சாம்பாருக்குக் காய்ச்சலா? அமெரிக்காவில் ஓர் இந்தியக் குடும்பத்தின் ஃபுட் டிரக்

இரவு எட்டு மணி இருக்கும். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு வாடகைச் சமையல்கூடம். நண்பர் குடும்பம் நடத்தும் ஃபுட் டிரக்கில் மறுநாள் விற்க வேண்டிய சாம்பார், இருபது லிட்டர், அப்போதுதான் அடுப்பை விட்டு இறங்கியிருக்கிறது. நண்பரின் மனைவி நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டரை அதில் விட்டு, எண்ணைப் பார்த்து, சுவரில் மாட்டிய தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விடுகிறார், மறுபடியும் எழுதுகிறார். ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் நண்பரின் அம்மா. கிரீன் கார்டு கிடைத்து ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டேவிட்டார்: "ஏண்டா, சாம்பாருக்குக் காய்ச்சலா?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அந்த வண்டியில் பல சனிக்கிழமைகள் கூடமாட நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தெர்மாமீட்டரைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி புரிந்துவிடும். நாம் மத்தியானம் பார்ப்பது கலர் அடித்த ஒரு வேன், பக்கவாட்டில் ஒரு ஜன்னல், உள்ளே வேர்த்து விறுவிறுத்து நிற்கும் இரண்டு பேர். அங்கே நடப்பது பெரும்பாலும் பரிமாறல்தான். சமையல் வேறு இடத்தில், வேறு நேரத்தில் நடந்து முடிந்திருக்கும். லாபமோ நஷ்டமோ, அதுவும் அந்த ஜன்னலில் தீர்மானமாவதில்லை, வீட்டு ஆட்கள் எத்தனை மணி நேரம் சம்பளம் கேட்காமல் உழைக்கிறார்கள் என்பதில்தான் தீர்மானமாகிறது. "குடும்பமாக நடத்துகிறோம்" என்று வண்டியில் பெருமையாக எழுதி வைத்திருப்பார்களே, அது உண்மையில் ஒரு கணக்குச் சூத்திரம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்பது அமெரிக்காவில் புதிதில்லை. 1872இல் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் (நாவலாசிரியர் இல்லை, இவர் வேறு) குதிரை வண்டியை ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தி, ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்குச் சாப்பாடு விற்றார். அப்புறம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் வந்து நிற்கும் வண்டிகள், லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோக்காரர்கள் டாக்கோ (கறி வைத்து மடித்த சின்ன ரொட்டி) விற்ற லோஞ்செரா வண்டிகள் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. அதுவரைக்கும் இது "ஏழைகள் சாப்பிடும் இடம்" என்ற பார்வைதான் இருந்தது. 2008 நவம்பரில், பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸில் ராய் சோய் என்ற சமையல்காரரும் கூட்டாளிகளும் 'கோகி' என்ற வண்டியை இறக்கினார்கள். கொரியக் கறியை டாக்கோவில் வைத்துக் கொடுத்து, இன்றைக்கு எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று ட்விட்டரில் போட்டார்கள். கூட்டம் அள்ளியது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஊருக்கு ஊர் வண்டிகள்.

இந்தியச் சாப்பாடும் அந்த அலையில்தான் ஏறியது. 2009இல் ஆகாஷ் கபூர், ரானா கபூர் என்ற தம்பதி சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'கறி அப் நவ்' வண்டியைத் தொடங்கி, டிக்கா மசாலாவை புரிட்டோ என்ற மெக்சிக ரொட்டிச் சுருளுக்குள் சுருட்டிக் கொடுத்தார்கள். இன்று அது வண்டியைத் தாண்டி உணவகச் சங்கிலியாகிவிட்டது. டிக்கா மசாலா புரிட்டோவா, கர்மம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தக் கலப்புக்குக் கலிஃபோர்னியாவில் நூறு வருட வேர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாய வேலைக்கு வந்த பஞ்சாபி ஆண்கள், ஊரிலிருந்து பெண்களைக் கூட்டிவரக் குடியேற்றச் சட்டம் இடம் கொடுக்காததால், மெக்சிகப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்படியொரு குடும்பம் யூபா சிட்டியில் நடத்திய உணவகத்தில் ரொட்டி கேசடீயா (சீஸ் வைத்து மடித்துச் சுட்டது) பிரபலம், 1990கள் வரை விற்றார்கள். டார்ட்டியா என்ற மெக்சிக ரொட்டிக்குப் பதில் நம் ரொட்டி, அவ்வளவுதான். பஞ்சாபி வீட்டு அடுக்களையில் அது சமரசமாகக்கூடத் தோன்றியிருக்காது.

சரி, தெர்மாமீட்டருக்கு வருவோம்.

முதல் விஷயம், வீட்டுச் சமையலறையில் சமைத்து வண்டியில் வைத்து விற்க முடியாது. நம் ஆட்கள் பலருக்கு முதல் அதிர்ச்சியே இதுதான். "எங்க வீட்டுல சமைச்சதுன்னு சொன்னாதானே வாங்குவாங்க" என்பார்கள். அங்கே அந்த வாக்கியத்தை இன்ஸ்பெக்டர் காதில் விழும்படி சொன்னால் பெர்மிட் போய்விடும். கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே சமைத்து விற்கத் தனியாக ஒரு சட்டம் 2018இல் வந்தது, ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விருப்பம், அது வண்டிக்கானதும் இல்லை. வண்டிக்காரருக்கு 'கமிஷரி' வேண்டும். அதாவது சுகாதாரத் துறை ஒப்புக்கொண்ட ஒரு வாடகைச் சமையல்கூடம். சமைப்பது, பாத்திரம் கழுவுவது, நல்ல தண்ணீர் நிரப்புவது, கழிவுநீரை இறக்குவது, ராத்திரி வண்டியை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். வேலை நாளில் வண்டி தினமும் அங்கே திரும்பியாக வேண்டும். வாடகை மாதக் கணக்கில், அடுப்பு மணிக் கணக்கில். டாக்கோக்காரர், தாய்லாந்துக்காரர், கேக் செய்கிறவர் என்று பத்துப் பேர் ஒரே கூடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது, நமக்குக் கிடைக்கும் நேரம் அநேகமாக விடியற்காலை நாலு மணியாகவோ ராத்திரியாகவோதான் இருக்கும்.

இரண்டாவது, ஆறவைப்பது. சூடாக வைத்திருந்தால் 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், நம் கணக்கில் 57 செல்சியஸ். குளிரில் வைத்திருந்தால் 41 டிகிரிக்குக் கீழ், அதாவது 5 செல்சியஸ். இடைப்பட்டதெல்லாம் அபாய மண்டலம். சமைத்த குழம்பை 135இலிருந்து 70க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும், அங்கிருந்து 41க்கு இறக்க அடுத்த நாலு மணி நேரம். மறுநாள் திரும்பச் சுடவைத்துப் பரிமாற வைக்கும்போது 165ஐத் தொட வேண்டும்.

சாம்பார், குருமா, மக்கனி கிரேவி எல்லாம் கெட்டியான, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமான்கள். இருபது லிட்டர் குண்டானை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிக்குச் சொர்க்கம். அதனால் உயரம் குறைந்த அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுவார்கள். இல்லையென்றால் குண்டானை ஐஸ் தண்ணீரில் இறக்கி, தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒரு பிளாஸ்டிக் துடுப்பைக் குழம்புக்குள்ளேயே விட்டுக் கிளறுவார்கள். அந்தத் துடுப்பைப் பார்த்தபோதும் அம்மா ஏதோ சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

சோறு இன்னும் மோசமான பேர்வழி. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் சாகாது. வடித்த சோற்றை வெளியில் வைத்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சுடவைத்தாலும் போகாது. நம் ஊரில் பழைய சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோம் என்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடிய ஒருவரை எனக்குத் தெரியும். வாதம் எடுபடவில்லை.

இனி தோசை. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி ஆரம்பிக்கும் தமிழ்க் குடும்பம் எல்லாமே முதலில் ஆசைப்படுவது தோசைக்குத்தான், முதலில் அடிபடுவதும் அதில்தான்.

மாவரைப்பதில் தொடங்குகிறது சிக்கல். கோயம்புத்தூர் கிரைண்டரைக் கொண்டுபோனால் அது 220 வோல்ட், அங்கே 110. சரி, 110 வோல்ட்டில் ஓடுகிற மாதிரியே வாங்கிவிடலாம், இந்தியக் கடைகளில் கிடைக்கும். ஆனால் வணிகச் சமையலுக்கான சுகாதாரச் சான்று முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டு உபயோகக் கிரைண்டரில் இருக்காது. எவ்வளவு நன்றாக அரைத்தால் என்ன, முத்திரை இல்லாத சாமான் உள்ளே வரக் கூடாது.

அரைத்தாயிற்று, புளிக்க வேண்டும். ராத்திரி முழுக்க அறை வெப்பத்தில், அதாவது மேலே சொன்ன அபாய மண்டலத்தின் நட்டநடுவில், வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். சாம்பாரை நிமிடக் கணக்குப் பார்த்து ஆறவைக்கச் சொல்லும் சட்டத்துக்கு இது எப்படி இருக்கும்? மாவு புளிக்கப் புளிக்க அமிலம் ஏறி, பிஎச் அளவு 4.6க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலான கெட்ட கிருமிகள் அதில் வளராது, அறிவியல் நம் பக்கம்தான். ஆனால் அது எழுத்தில் வேண்டும். எவ்வளவு நேரம் புளித்தது, முடிவில் பிஎச் எவ்வளவு, எப்போது ஃபிரிட்ஜுக்குப் போனது என்ற பதிவேட்டைக் கேட்கும் இடங்கள் உண்டு. நண்பரின் மனைவி பிஎச் மீட்டரை மாவில் வைத்துப் பார்ப்பார், அம்மா மூடியைத் திறந்து ஒரு முறை மோந்து பார்ப்பார். "புளிச்சிருச்சும்மா, போதும்." மீட்டர் 4.4 காட்டும். ஒரு நாளும் அவர் சொன்னது தப்பியதில்லை, ஆனால் பதிவேட்டில் மூக்கை எழுத முடியாதே.

அப்புறம் கல். மூன்றடித் தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு, நெருக்கிப் போட்டால் மூன்று தோசை. ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஒன்றும் தப்பாமல் நடந்தால் மணிக்கு நாற்பதிலிருந்து அறுபது தேறும், தப்பாமல் எங்கே நடக்கிறது? மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு நாற்பது பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேர லஞ்ச் பிரேக். பக்கத்து வண்டியில் சோற்றின் மேல் குழம்பை ஊற்றி இருபது நொடியில் கையில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, வீட்டுத் தோசைக்கல் சமதரையில் இருக்கிறது. வண்டி நிற்கிற இடமெல்லாம் சமதரை இல்லை. ஒரு முறை சற்றே சரிவான பார்க்கிங்கில் நிறுத்திவிட்டார்கள், ஊற்றிய மாவெல்லாம் டிரைவர் சீட்டுப் பக்கமாகவே வழிந்து, எண்ணெயும் அந்தப் பக்கமே போய்த் தேங்கி, ஒரு ஓரம் அப்பளமாகவும் மறு ஓரம் ஊத்தப்பமாகவும் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு பலகைத் துண்டுகளும் ஒரு ரசமட்டமும் வண்டியில் நிரந்தரமாக இருக்கின்றன. மொறுமொறுவென்று எடுத்த தோசையை மூடிபோட்ட அட்டைப்பெட்டியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆவி பட்டுத் துவண்டுவிடும் என்பது தனிச் சோகம்.

தோசையை வைத்தே வென்றவர் இல்லாமலில்லை. நியூயார்க்கில் வாஷிங்டன் ஸ்கொயர் பார்க் பக்கத்தில் 2001இலிருந்து தள்ளுவண்டியில் தோசை விற்ற இலங்கைத் தமிழர் திரு குமார் அந்த ஊரில் ஒரு பிரபலம். 2007இல் நகரத்தின் தெருவோர வியாபாரிகளுக்கான வெண்டி விருது அவருக்குக் கிடைத்தது. பால், நெய் எதுவும் இல்லாத முழுச் சைவம், யாழ்ப்பாணத் தோசையும் பட்டியலில் உண்டு. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவர் ஊர் ஊராகச் சுற்றவில்லை. ஒரே இடம், வரிசையில் நிற்பதையே அனுபவமாக எடுத்துக்கொள்ளும் மாணவர்களும் சுற்றுலாக்காரர்களும். வாரத்தில் ஐந்து நாள் ஐந்து இடம் போகும் குடும்ப வண்டிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

இதனால்தான் இந்திய வண்டிகளின் மெனு எல்லாம் ஒரே சாயலில் இருக்கிறது. ரசனைக் குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் உள்ளே நின்று பார்க்க வேண்டும். முதல் நாளே செய்து வைக்கக் கூடிய, சூட்டில் நாலு மணி நேரம் நின்றாலும் கெடாத, இன்னும் சொன்னால் நிற்க நிற்க ருசி கூடுகிற பண்டங்கள்தான் வண்டிக்குத் தோது: சென்னா, பட்டர் சிக்கன், பாலக் பனீர். பிரியாணி பிரமாதமாகத் தாங்கும். கையில் பிடித்தபடி நடந்துகொண்டே சாப்பிட 'காத்தி ரோல்', அதாவது பரோட்டாவில் சுருட்டிய கறி. சமோசா பொரித்து வைக்கலாம். தந்தூரி அடுப்போ பெரிய வம்பு, களிமண் உள்பூச்சு கனமும் அதிகம், சாலைக் குலுக்கலில் விரிசலும் விடும், ஆகவே பெரும்பாலும் 'நான்' ரொட்டியைக் கமிஷரியிலேயே சுட்டோ வெளியில் வாங்கியோ கல்லில் போட்டுச் சூடாக்கித் தருவார்கள். நண்பர் வண்டியில் ஆறு மாதத்துக்கு அப்புறம் தோசை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. சாம்பார் மட்டும் தப்பியது, இட்லிக்கும் வடைக்கும் துணையாக.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. வண்டி அடுப்பு ஓடுவது ப்ரொபேனில், ஃபிரிட்ஜும் விளக்கும் ஜெனரேட்டரில். 2014 ஜூலை 1 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குடும்ப வண்டியில் ப்ரொபேன் கசிந்து தீப்பிடித்ததில், சமைத்துக்கொண்டிருந்த அம்மாவும் 17 வயது மகளும் இறந்துபோனார்கள். தீயணைப்புத் துறை ஆய்வு, கேஸ் கசிவைக் காட்டும் கருவி, எண்ணெய்த் தீக்கென்று தனி அணைப்பான் என்று வரிசையாகக் கேட்கும்போது வரும் எரிச்சல், அந்தச் செய்தியைப் படித்த பிறகு எனக்குப் போய்விட்டது.

பெர்மிட் கதை ஊருக்கு ஊர் வேறு. கலிஃபோர்னியாவில் சுகாதாரப் பெர்மிட் கவுண்டிவாரியாக. சான் ஹோசேயில் வாங்கியதை வைத்துக்கொண்டு பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் ஃப்ரீமான்ட்டில் நின்றால் செல்லாது, அதற்குத் தனிப் பெர்மிட், தனி ஆய்வு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற இடத்தில் 200 அடிக்குள் ஊழியர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதுவரை விதி உண்டு. நியூயார்க்கில் வேறு விதமான கூத்து: 1983இல் மொத்தம் சுமார் 3,000 பெர்மிட்தான் என்று உச்சவரம்பு போட்டார்கள். நகரம் வாங்கும் கட்டணம் இரண்டு வருடத்துக்கு 200 டாலர், வெளியில் அதையே வாடகைக்கு விட்டு 20,000 டாலருக்கு மேல் வாங்கினார்கள். தெருவில் கால் கடுக்க நிற்பவர் ஒருவர், எங்கோ உட்கார்ந்து பணம் எண்ணுபவர் இன்னொருவர். 2021இல் சட்டத்தைத் திருத்தி, வருடத்துக்கு 445 புது உரிமம் பத்து வருடத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள், உரிமம் வைத்திருப்பவரே வண்டியில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைதான் முக்கியம்.

இப்போது குடும்பம் என்ற சொல்லுக்கு வருவோம். யார் யார் அந்த வண்டிக்குள் நிற்கலாம்?

எச்-1பி விசாவில் ஐடி வேலை பார்க்கிற கணவர் வண்டியில் முதல் போடலாம், அங்கே வேலை செய்யக் கூடாது, ஒரு வடை எடுத்துக் கொடுத்தாலும் தப்புதான். அவர் மனைவி எச்-4 விசாவில் இருந்தால் தனியாக வேலை அனுமதி வேண்டும். 2015 மே மாதத்திலிருந்துதான் அது கிடைக்கிறது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால். பேரனைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில் வந்த பாட்டி வண்டிக்காக வெங்காயம் உரித்தால், சட்டப்படி அதுவும் வேலை. முதலீடு செய்து தொழில் நடத்த வருகிறவர்களுக்கு ஈ-2 என்று ஒரு விசா உண்டு, ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு அது கிடையாது, அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் இல்லை. இலங்கைக்கு இருக்கிறது, பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் இருக்கிறது. ஒரே தோசை, ஒரே மாவு, யாழ்ப்பாணத்துக்காரர் அந்த வழியில் விண்ணப்பிக்கலாம், தஞ்சாவூர்க்காரர் முடியாது.

ஆக, இந்தியக் குடும்பம் வண்டி நடத்துகிறது என்றால் அநேகமாக அங்கே ஒருவராவது கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றவராக இருப்பார். பலர் அண்ணனோ அக்காவோ ஸ்பான்சர் செய்து, இந்தியர்களுக்கான அந்தக் கிரீன் கார்டு வரிசையில் 15 வருடத்துக்கு மேல் காத்திருந்து, நாற்பத்தைந்து ஐம்பது வயதில் வந்து இறங்கியவர்கள். ஊரில் பேங்கிலோ பள்ளியிலோ வேலை பார்த்தவர்கள், இங்கே அந்த அனுபவத்தை யாரும் கேட்பதில்லை, கைவசம் இருப்பது சமையல். எங்கள் நண்பர் விஷயம் வேறு, அவர் ஐடி வேலையை இழந்த பிறகு இதில் இறங்கியவர், அதற்கு முன்பே குடியுரிமை வாங்கியிருந்ததால் அம்மாவை வரிசையில் நிற்காமல் அழைத்துவர முடிந்தது. அந்த அம்மா வெங்காயம் உரிக்கும் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பிள்ளைகள்? மத்தியச் சட்டம், பெற்றோர் மட்டுமே முதலாளிகளாக இருக்கும் தொழிலில், ஆபத்தான வேலை தவிர மற்றதைச் செய்யப் பிள்ளைகளுக்கு வயதுத் தடையைத் தளர்த்தியிருக்கிறது. அதனால் ஜன்னலில் நிற்பது பதினான்கு வயதுப் பெண்ணாக இருக்கும். அவளுக்கு அந்த ஊர் உச்சரிப்பு, "இது ரொம்பக் காரமா?" என்ற கேள்விக்கு ஒரு நாளைக்கு அறுபது முறை சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் பொறுமை, இன்ஸ்டாகிராம் கணக்கும் அவள் கையில். அப்பா ஜன்னலில் நின்றால் டிப்ஸ் பாதி என்று வீட்டிலேயே கிண்டல் செய்வார்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஒரு தட்டு 13 டாலர். மளிகை, கறி, பனீர் 4 டாலர். திருவிழா அல்லது நிகழ்ச்சி என்றால் இடம் கொடுப்பவர் விற்பனையில் 15 சதவீதம் எடுத்தால் 2 டாலர். கமிஷரி வாடகை, டீசல், ப்ரொபேன், காப்பீடு, கார்டு தேய்க்கும் கட்டணம், அட்டைக் கிண்ணம், வண்டிக் கடன் எல்லாம் சேர்த்துத் தட்டுக்கு 4. மிச்சம் 3. தொண்ணூறு தட்டு விற்றால் 270 டாலர். நல்ல நாள்தானே என்று தோன்றும். இப்போது மணி நேரத்தை எண்ணுங்கள். ஜன்னல் திறந்திருப்பது நாலு மணி நேரம்தான். முதல் நாள் கடைக்குப் போனது, ராத்திரி சமைத்தது, காலையில் ஏற்றியது, ஓட்டியது, திரும்பி வந்து கழுவியது எல்லாம் சேர்த்தால் கணவன் மனைவிக்கு ஆளுக்குப் பதின்மூன்று மணி நேரம், அம்மாவுக்கு ஐந்து. மொத்தம் 31. மணிக்கு 9 டாலர்கூட வரவில்லை. கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலியே 16 டாலருக்கு மேல். வெளியாள் வைத்து அதே வேலையை வாங்கியிருந்தால் அந்த நல்ல நாளில் 200 டாலருக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும்.

இதில் விசேஷம், சட்டத்துக்கும் இது தெரியும். கலிஃபோர்னியாவின் கூலி விதிகள் முதலாளியின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அந்த ஓட்டைக்குள்தான் பெரும்பாலான குடும்ப வண்டிகள் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. "குடும்பமாக நடத்துவதால் அன்போடு சமைக்கிறார்கள்" என்று வாடிக்கையாளர் எழுதும்போது எனக்குச் சின்ன உறுத்தல். அன்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு மணிக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, வீட்டிலும்.

அப்படியானால் ஏன் நடத்துகிறார்கள்? கேட்டரிங்தான் காரணம். மெஹந்தி இரவு, பட்டமளிப்பு விழா, ஆஃபீஸ் பார்ட்டி: நூறு பேர், முன்பணம், எத்தனை தட்டு என்று முன்கூட்டியே தெரியும், மிஞ்சாது, இடக் கமிஷன் கிடையாது. வாரநாள் வண்டி அதற்கு விளம்பரப் பலகை மாதிரி. கோவிட்டுக்கு அப்புறம் ஆஃபீஸ் வளாகங்கள் காலியானபோது வாரநாள் லஞ்ச் படுத்துவிட்டது, அப்போது கை கொடுத்தது பீர் காய்ச்சும் சிறு மதுக்கூடங்கள். அவர்களில் பலருக்குச் சமையலறை கிடையாது, குடிக்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், வண்டியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக்கொள்கிறார்கள். பீருக்குக் காரமான பண்டம் பொருந்தும். ஆக, வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத அம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கூட வாசலில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் தயங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும், "அடுத்த வாரம் வெங்காயமும் போடலாம்டா" என்றார்.

நாள் முடிவில் இன்னொரு விதி காத்திருக்கும். வண்டியில் சூடாக வைத்திருந்த குழம்பு, சோறு எதையும் மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது, அன்றைக்கே அழித்துவிட வேண்டும். கறுப்புக் குப்பைப் பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு மருமகள் நின்றார். அம்மா பிரியாணித் தட்டைக் கையில் பிடித்தபடி நகரவே இல்லை.

"விக்கத்தானே கூடாது?"

"ஆமா, அத்தை."

"நம்ம திங்கலாம்ல?"

மருமகள் பையை மடித்து வைத்தார். மணி ஒன்பதே முக்கால், கமிஷரிப் பார்க்கிங்கில் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, வண்டியின் பின்படியில் வரிசையாக உட்கார்ந்து நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம். சாம்பார் ஆறியிருந்தது, யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.